நுண்கருனியும் பங்குக் கிணறும்: கணினி வளங்களைப் பங்கிடுதல் பற்றிய ஓர் ஆராய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பது யாவரும் அறிந்தது. மாரியில் மாத்திரம் நீர் காணும் வழுக்கையாற்றை நீக்கிப் பார்த்தால், பயிருக்கும் உயிருக்கும் வேண்டிய நீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்தே பெறப்படுகின்றது. புத்தூர்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்து வளர்ந்தமை இக்கிணறுகளின் கொடையே. ஆயின், சுண்ணாம்புப் பாறையைப் பிளந்து கிணறு வெட்டுதல் பெரும்பொருட் செலவை உடையது. தோட்டந்தோறும் தனிக்கிணறு என்பது எல்லார்க்கும் இயலாது. ஆதலின், பலர் கூடி ஒரு கிணற்றைப் பங்காக ஆண்டு வந்தனர். காணி உறுதியில் நிலத்தின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரித்தும் சேர்த்து எழுதப்பட்டன. இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறையும் வகுக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டைச் சிறிது ஊன்றி நோக்கின், அதனுள் மூன்று வினாக்களுக்கு விடை அமைந்திருத்தலைக் காணலாம். பங்கு யாருக்கு உண்டு என்பது முதலாவது. இறைக்கும் முறை இப்பொழுது யாருடையது என்பது இரண்டாவது. செலவான நீர் யாருடைய கணக்கிற் சேரும் என்பது மூன்றாவது. முதல் இரண்டு வினாக்களுக்கு விடை காண்பது எளிது. மூன்றாவதே வழக்குக்கும் மனத்தாங்கலுக்கும் இடமாவது. ஒருவர் தமது முறைநாளில் அயலவருக்காகவும் சிறிது நீர் விட்டால், அது யாருடைய பங்கிலிருந்து கழியும்? இறைப்பவர் ஒருவராகவும் பயன் பெறுபவர் வேறொருவராகவும் இருக்கும்போது கணக்கு மயங்கி விடுகின்றது.

கணினியின் உள்ளேயும் இம்மூன்று வினாக்களே எழுகின்றன. அங்கும் மூன்றாவது வினாவே கடினமானது. நுண்கருனி எனப்படும் அமைப்பைப் படைத்த அறிஞர்கள் அவ்வினாவோடு நடத்திய நெடும் போராட்டத்தை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கின்றது.

பணிசெயல் முறைமையும் கருனியும்

ஒரு கணினியில் ஒரே காலத்தில் பல நிரல்கள் இயங்குகின்றன. கடிதம் எழுதுவது ஒன்று. இசை ஒலிப்பது ஒன்று. வெளியுலகோடு செய்தி பரிமாறுவது மற்றொன்று. ஆனால், கட்டளைகளை நிறைவேற்றும் செயலியும், அவற்றைத் தாங்கி நிற்கும் நினைவகமும் அளவுடையன. செயலியின் வளம் காலம். நினைவகத்தின் வளம் இடம். இவ்விரண்டையும் நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகாவண்ணம் காப்பது பணிசெயல் முறைமையின் கடமை. அம்முறைமையின் நடுவிலே, முழு அதிகாரத்தோடு இயங்கும் பகுதிக்குக் கருனி என்று பெயர்.

செயலிக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் எக்கட்டளையும் செல்லும். மற்றதிற் சில கட்டளைகள் செல்லா. கருனி முதல் நிலையில் இயங்குவது. ஏனைய நிரல்கள் இரண்டாம் நிலையில் இயங்குவன. ஆகவே, கருனியில் ஒரு பிழை நேரின் அதனைத் தடுப்பார் எவருமில்லை; முழுக் கணினியும் நிலைகுலையும்.

பழைய வழக்கப்படி, கோப்புகளைப் பேணுதல், வலையமைப்பை நடத்துதல், அச்சுப்பொறி முதலிய கருவிகளை இயக்குதல் ஆகிய அனைத்தும் கருனிக்குள்ளேயே வைக்கப்பட்டன. இத்தகைய கருனியை ஒற்றைப் பெருங்கருனி எனலாம். இன்று பரவலாக வழங்கும் லினக்ஸ் இவ்வகையைச் சார்ந்தது. அதன் மூலநிரல் ஒரு கோடி வரிகளுக்கு மேற்பட்டது. அவற்றுட் பெரும்பகுதி கருவிகளை இயக்கும் நிரல்களே. எங்கோ ஒரு மூலையிலுள்ள கருவியின் நிரலில் நேரும் சிறு தவறும் முழு அதிகாரத்தோடு நேரும் தவறாகி விடுகின்றது என்பதே இவ்வமைப்பின் குறை.

நுண்கருனியின் தோற்றம்

இக்குறையை நீக்க எழுந்த கருத்தே நுண்கருனி. தவிர்க்கவொண்ணாத மிகச் சில பணிகளை மாத்திரம் கருனியில் வைத்து, எஞ்சியவற்றைச் சாதாரண நிரல்களாக வெளியே நிறுத்துதல் இதன் நெறி. கோப்புகளைப் பேணும் பணி ஒரு சேவை நிரலாகும். வலையமைப்பு மற்றொரு சேவை நிரலாகும். ஒன்று மற்றொன்றிடம் வேண்டுவதைச் செய்தி அனுப்பிப் பெற்றுக்கொள்ளும். ஒரு சேவை நிரல் கெட்டுப்போனால் அதனை மாத்திரம் நிறுத்தி மீண்டும் தொடங்கலாம்.

இக்கருத்தின் வித்து டென்மார்க்கிலே தோன்றியது. பேர் பிரிஞ்ச் ஹான்சன் என்பார் 1969ஆம் ஆண்டில் ஆர்.சி. 4000 என்னும் கணினிக்காக இத்தகைய சிறு நடுப்பகுதி ஒன்றை வகுத்தார். 1985ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் றிச்சார்ட் றஷிட் தலைமையில் மாக் என்னும் கருனி உருவாகத் தொடங்கியது. மாக் பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் வேகத்தில் ஏமாற்றம் அளித்தது. ஒவ்வொரு சிறு வேலைக்கும் செய்தி அனுப்பவேண்டியிருந்தமையால், செய்திப் போக்குவரத்திலேயே காலம் கழிந்தது. நுண்கருனி என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று பலர் கருதத் தலைப்பட்டனர்.

அக்கருத்தை மாற்றியவர் ஜெர்மனியைச் சேர்ந்த யொஹென் லீட்கே. அவர் 1993ஆம் ஆண்டில் தமது கருனியிற் சிறு செய்தி ஒன்று மாக்கைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவாகச் செல்வதை எடுத்துக் காட்டினார். அவ்வழியில் எழுந்ததே எல்-4 என்னும் கருனிக் குடும்பம். 1995ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுரை ஒரு கண்டிப்பான விதியை வகுத்தது. ஒரு பணியை வெளியே வைத்தால் வேண்டிய பயன் கிட்டாது என்று காட்டப்பட்டாலன்றி, அதற்குக் கருனிக்குள் இடமில்லை என்பதே அவ்விதியின் சாரம்.

இவ்விதியாற் கருனி சிறுத்தது. ஆனால், வளங்களைப் பங்கிடும் பொறுப்பு அதனால் மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. முன்னர் ஒரே வீட்டுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் இப்பொழுது பல வீடுகளுக்கிடையே நடக்கலாயிற்று. ஒரே வீடாயின் கணக்கு எழுதாமற் காலங்கழிக்கலாம். பல வீடுகளாயின் கணக்கின்றி இயலாது. நுண்கருனியின் இடர்ப்பாடுகள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

இடத்தைப் பங்கிடுதல்

முதலில் நினைவகத்தை எடுத்துக்கொள்வோம். மாக்கில் ஒரு சங்கடம் இருந்தது. நினைவகம் நிறைந்து விட்டால், உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களைத் தட்டில் எழுதிவிட்டு இடத்தைக் காலியாக்க வேண்டும். அவ்வெழுதும் பணி வெளியேயுள்ள ஒரு சேவை நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சேவை நிரலும் இயங்குவதற்குச் சிறிது நினைவகம் வேண்டும். நினைவகம் முற்றாகத் தீர்ந்த வேளையில், நினைவகத்தை விடுவிக்க வேண்டிய நிரலே நினைவகம் கேட்டு நிற்குமாயின் என் செய்வது?

தோட்டத்தில் நீரிறைக்கும் யந்திரத்தைப் பழகியவர்கள் இந்நிலையை நன்கு உணர்வர். யந்திரம் நீரை உறிஞ்சத் தொடங்குவதற்கு முன் அதன் வாயில் ஒரு வாளி நீர் ஊற்ற வேண்டும். அந்த ஒரு வாளியைத் தனியே எடுத்து வைக்க மறந்தவர், நீர் நிறைந்த கிணற்றின் கட்டிலே நின்றுகொண்டே இறைக்க முடியாது தவிப்பர். மாக்கிலும் அத்தகைய சேவை நிரலுக்கென்று ஒரு பகுதி நினைவகத்தை எவரும் தொடாவண்ணம் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

இதனினும் ஆழமான சங்கடம் ஒன்று உண்டு. கருனி தானும் நினைவகத்தை உண்கின்றது. ஒரு நிரல் புதிய செயலோட்டம் ஒன்றைத் தொடங்கினால், அதன் நிலையைக் குறித்து வைக்கக் கருனிக்குச் சிறிது இடம் வேண்டும். நிரலுக்கு நினைவகம் ஒதுக்கினால், எப்பக்கம் எங்குள்ளது என்னும் அட்டவணைக்கும் இடம் வேண்டும். இவ்விடத்தைக் கருனி தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்து வருமாயின், தீய எண்ணமுடைய ஒரு நிரல் செயலோட்டங்களை இடைவிடாது தொடங்கிக் கருனியின் சேமிப்பையே வற்றச் செய்துவிடலாம். அப்பொழுது குற்றமற்ற ஏனைய நிரல்களும் வாடும். கேட்டவர் ஒருவர், இழப்பவர் எல்லோரும். மேலே கூறிய மூன்றாவது வினா இங்கே எழுந்து நிற்கின்றது.

இதற்குத் தெளிவான விடை ஒன்று எஸ்இஎல்-4 என்னும் கருனியிற் காணப்பட்டது. இஃது அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கெர்வின் கிளைன், கெர்னொட் ஹைசர் முதலியோர் உருவாக்கியது. இக்கருனிக்குச் சொந்தச் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. கணினி தொடங்கியவுடன் கருனி தனக்கு இன்றியமையாத சிறு பகுதியை மாத்திரம் வைத்துக்கொண்டு, எஞ்சிய நினைவகம் முழுவதையும் முதலாவது நிரலின் கையில் ஒப்படைத்து விடுகின்றது. அதன் பின்னர் எவரேனும் புதிய செயலோட்டம் வேண்டினால், அதற்குரிய இடத்தைத் தமது பங்கிலிருந்து தாமே கொண்டுவந்து கொடுத்தல் வேண்டும். கருனி அவ்விடத்தை வேண்டிய வடிவத்தில் மாற்றித் தருமேயன்றித் தான் ஒன்றும் ஈவதில்லை. கையில் இடமில்லாதவர் கேட்கவும் இயலாது. பிறர் பங்கை வற்றச் செய்யவும் இயலாது.

இங்கே 'பங்கு' என்பது எவ்வாறு குறிக்கப்படுகின்றது? காணி உறுதியைப் போன்ற ஒன்றினால் என்க. 1966ஆம் ஆண்டில் டெனிஸ், வான் ஹோர்ன் என்னும் இருவர் வெளியிட்ட கருத்தின்படி, ஒரு நிரல் ஒரு பொருளைக் கையாள வேண்டுமாயின், அப்பொருளையும் அதன்மீது தனக்குள்ள உரிமையையும் குறிக்கும் உறுதி ஒன்று அதனிடம் இருத்தல் வேண்டும். உறுதியை நிரல் தன் கையில் வைத்திருப்பதில்லை. கருனியே காத்து வைக்கும். ஆகவே, கள்ள உறுதி முடித்தல் இயலாது. எஸ்இஎல்-4இல் நினைவகம், செயலோட்டம், செய்தி வாயில் அனைத்தும் இத்தகைய உறுதிகளாலேயே ஆளப்படுகின்றன.

நம் நாட்டு வழக்கில் அறுதி என்றும் ஒற்றி என்றும் இரு வகை உண்டு. அறுதியாகக் கொடுத்த காணி மீளாது. ஒற்றியாகக் கொடுத்தது மீட்கத்தக்கது. எல்-4 குடும்பத்தின் தொடக்கக் கருனிகளிலும் இவ்விரு வகையான கொடைகள் இருந்தன. ஒன்றில் நினைவகப் பக்கம் கொடுத்தவரை விட்டு முற்றாக நீங்கும். மற்றதில் கொடுத்தவர் வேண்டியபோது மீட்டுக்கொள்ளலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ஒற்றி கொடுத்தவர் மீட்கும்வரை காணியை ஆளமாட்டார். கணினியிலோ கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே பக்கத்தை ஒருங்கே பயன்படுத்தலாம்.

மீட்டல் என்பது சொல்வதற்கு எளிது. பெற்றவர் தாம் பெற்றதை வேறு பலருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்; அவர்களும் மேலும் பிரித்திருக்கலாம். மீட்கும்போது இக்கிளைகள் அனைத்தையும் தேடி அறுத்தல் வேண்டும். இதற்காக யார் யாரிடமிருந்து பெற்றார் என்னும் வழிமுறையைக் கருனி குறித்து வைக்கின்றது. வழிமுறை நீண்டிருப்பின் மீட்கும் வேலையும் நீளும். அவ்வேளையில் அவசரப்பணி ஒன்று காத்திருக்குமாயின் இடையூறு நேரும். ஆதலின், கருனி இவ்வேலையைச் சிறு சிறு கூறுகளாகச் செய்து, இடையிடையே நிறுத்தி, அவசரப்பணி உண்டோ என்று பார்த்துக்கொள்ளும்வண்ணம் அமைக்கப்பட்டது.

காலத்தைப் பங்கிடுதல்

இடத்தைக் காட்டிலும் காலம் பங்கிடுதற்கு அரியது. இடத்தை மீட்கலாம், கழிந்த காலத்தை மீட்க இயலாது. இத்துறையிலே தமிழ்நாட்டிற் கல்வி கற்ற ஒருவரின் பணி நினைக்கத்தக்கது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1984ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற இராஜ்குமார், பின்னர் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானவர்.

லூயி ஷா, ஜோன் லெஹொட்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து அவர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை, முன்னுரிமை தலைகீழாதல் என்னும் நோய்க்கு மருந்து கூறியது. அந்நோயை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கிணற்றுக்குப் பட்டை ஒன்றே உள்ளது. வாடும் பயிருக்கு உடனே நீர் விடவேண்டிய தோட்டக்காரர் ஒருவர் அதற்காகக் காத்திருக்கின்றார். பட்டையோ ஒரு சிறுவனின் கையில் உள்ளது. அவன் விரைவில் தன் வேலையை முடித்துப் பட்டையைக் கொடுத்திருப்பான். ஆனால், அவ்வேளையில் வேறொருவர் வந்து, அவ்வளவு அவசரமில்லாத ஒரு வேலைக்கு அச்சிறுவனை அழைத்துச் செல்கின்றார். சிறுவன் அவர் சொல்லைத் தட்ட இயலாது. பயன் யாதெனின், மிக அவசரமுடையவர் அவசரம் குறைந்தவருக்காகக் காத்திருக்க நேர்கின்றது. ஷா, இராஜ்குமார், லெஹொட்ஸ்கி கூறிய வழி இது: பட்டை சிறுவன் கையில் இருக்கும்வரை, அதற்காகக் காத்திருப்பவரின் தகுதியைச் சிறுவனுக்கு வழங்குக. அப்பொழுது இடையில் வருபவர் அவனை அழைக்க இயலாது. பட்டையைக் கைவிட்டவுடன் அவன் தன் பழைய நிலைக்குத் திரும்புவான்.

இது வெறும் ஏட்டு நோயன்று. 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் என்னும் விண்கலம், சில நாட்களின் பின் தன் கணினியை மீண்டும் மீண்டும் தானே நிறுத்தித் தொடங்கலாயிற்று. வானிலைத் தகவல் திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை வைத்துக்கொண்டிருக்க, இடைநிலைப் பணிகள் அதனை இயங்கவொட்டாமல் தடுத்தன; உயர்ந்த முன்னுரிமையுடைய பணி காலங்கடந்து நின்றது; கண்காணிப்புக் கடிகாரம் கணினியையே நிறுத்திற்று. மேலே கூறிய மருந்து அக்கலத்தின் பணிசெயல் முறைமையில் முன்னரே இருந்தது. ஆனால் அந்தப் பூட்டுக்கு அது இயக்கி வைக்கப்படவில்லை. பொறியியலாளர் பூமியிலிருந்து சிறு திருத்தம் ஒன்றை அனுப்பி அதனை இயக்கினர், நோய் நீங்கிற்று. அம்முறைமை இங்கே பேசப்படும் நுண்கருனி வகையைச் சார்ந்ததன்று. ஆயினும், சேவை நிரல் ஒன்று பலருக்குப் பணிசெய்யும் இடமெல்லாம் இந்நோய்க்கு இடமுண்டு. நுண்கருனியிலோ எல்லாப் பணியும் சேவை நிரல்களாலேயே நடைபெறுகின்றது.

1998ஆம் ஆண்டில் இராஜ்குமாரும் அவருடன் உழைத்தோரும் வளக் கருனி என்னும் கருத்தை முன்வைத்தனர். ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய வளத்தை முன்கூட்டியே அளவிட்டுக் கேட்டல் வேண்டும். கருனி இருப்பை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். ஏற்றபின் அவ்வளவைத் தவறாது கொடுத்தலும், அளவு கடவாது தடுத்தலும் கருனியின் பொறுப்பு. ஒரு நிரல் 100 மில்லிசெக்கனுக்கு 30 வீதம் கேட்கின்றது. மற்றொன்று 40 கேட்கின்றது. மூன்றாவது 50 கேட்கின்றது என்க. மூன்றையும் கூட்டினால் 120 ஆகும். ஆகவே, மூன்றாவதற்கு முதலிலேயே மறுமொழி கூறிவிடல் வேண்டும். ஏழு நாள் முறையில் ஒன்பது பங்குகாரரைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு முழுநாள் தருவதாக வாக்களிப்பவன் எவரையும் காப்பாற்ற மாட்டான் அன்றோ?

இனி, மூன்றாவது வினா காலத்தின் வழியே எவ்வாறு எழுகின்றது என்று காண்போம். ஒரு நிரல் கோப்புச் சேவை நிரலிடம் ஒரு வேலையை ஒப்படைக்கின்றது. சேவை நிரல் அதற்காகச் செலவிடும் காலம் யாருடையது? சேவை நிரலின் கணக்கில் எழுதினால், பேராசையுள்ள ஒருவர் வேலைகளை அடுக்கடுக்காகக் கொடுத்து அதன் காலத்தை முற்றும் தமதாக்கிக்கொள்வர். கேட்டவரின் கணக்கில் எழுதுவதே முறை. 2018ஆம் ஆண்டில் அன்னா லயன்சும் உடனுழைத்தோரும் எஸ்இஎல்-4இற்கு வகுத்த அமைப்பில், காலத்துக்கும் உறுதி உண்டு. இன்ன கால எல்லைக்குள் இவ்வளவு நேரம் என்று அவ்வுறுதி கூறும். கேட்பவர் செய்தியோடு தமது கால உறுதியையும் சேவை நிரலுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பர். வேலை முடிந்ததும் அது கொடுத்தவரிடமே திரும்பும். தனக்கென்று காலமே இல்லாத சேவை நிரலும் இவ்வாறு பிறர் காலத்தில் இயங்கலாம்.

ஆயினும் முடிச்சு முற்றாக அவிழ்ந்துவிடவில்லை. சேவை நிரல் வேலையின் நடுவிலே நிற்கும்போது, கேட்டவரின் காலம் தீர்ந்துவிட்டால் யாது செய்வது? பட்டை பாதிக்கிணற்றில் தொங்கும்போது முறை முடிந்தது போலாகும் அது. அடுத்தவர் வந்து காத்து நிற்பர். அவ்வேளையில் கருனி தானாக முடிவு செய்வதில்லை; இதற்கென நியமிக்கப்பட்ட ஒரு நிரலுக்குச் செய்தி அனுப்பும். அந்நிரல் சிறிது காலம் கடனாகக் கொடுக்கலாம். அல்லது வேலையைக் கைவிடச் செய்து சேவை நிரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எது தக்கது என்பது அந்தக் கணினி ஆற்றும் பணியைப் பொறுத்தது. விதியை எழுதுதல் கருனியின் கடமையன்று. எழுதிய விதியைக் காத்தலே அதன் கடமை.

நிலத்தின் கீழ் உள்ளது

உறுதியும் முறையும் செம்மையாக அமைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணலாமா? புத்தூரை அடுத்து நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்று ஐதிகம் கூறும் இக்கிணற்றை, எமர்சன் தெனன்ற் என்பாரும் 1859ஆம் ஆண்டில் வெளியான தமது இலங்கை நூலிற் குறிப்பிட்டுள்ளார். இதன் மேற்பகுதியில் உள்ளது நன்னீர். ஆழம் செல்லச் செல்ல உவர்நீர். குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறைக்குள் மழையால் ஊறிய நன்னீர், கனம் மிகுந்த கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல் மிதந்து நிற்கின்றது. கிணறுகள் பல; உறுதிகள் பல; ஆனால் கீழுள்ள வில்லை பலர்க்கும் பொதுவானது. ஒருவர் தமது கிணற்றில், தமது முறையில், தமது யந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழிருந்து உவர் மேலேறும். அயற் கிணறும் கெடும். ஒருவர் தம் நிலத்தில் இட்ட உரத்தின் நைத்திரேற்று அயலவர் குடிக்கும் நீரிற் சேரும். உறுதியில் எழுதப்பட்ட எல்லையை எவரும் மீறவில்லை. ஆயினும் தீங்கு நேர்ந்துவிடுகின்றது.

கணினியிலும் இத்தகைய பொதுவளம் நிலத்தின் கீழ் மறைந்து கிடக்கின்றது. நினைவகத்தைக் காட்டிலும் செயலி மிக விரைவானது. ஆதலின், அடிக்கடி வேண்டப்படும் தகவல்களைச் செயலியின் அருகே ஒரு சிறு களஞ்சியத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். அதனைப் பதுக்ககம் என்பர். இது நிரல்களின் கண்ணுக்குத் தெரியாதது. எவரது உறுதியிலும் எழுதப்படாதது. ஒரு நிரல் அதனை நிரப்பினால் மற்றொன்றின் தகவல் வெளியே தள்ளப்படும். அதன் வேகம் குறையும். இவ்வேக வேறுபாட்டை அளந்தே ஒரு நிரல் மற்றொன்றின் இரகசியத்தை ஊகித்தறியலாம். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்ட மெல்ற்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைபாடுகள், செயலிகளின் இம்மறைவிடம் எத்துணை ஆபத்துடையது என்பதை உலகறியச் செய்தன.

இதற்கு மாற்றாக 2019ஆம் ஆண்டில் எஸ்இஎல்-4 ஆய்வாளர் காலப் பாதுகாப்பு என்னும் முறையை வகுத்துக் காட்டினர். நினைவகத்தின் பக்கங்கள் பதுக்ககத்தின் எப்பகுதியிற் சென்று தங்கும் என்பதைக் கொண்டு அவற்றுக்கு நிறம் குறிப்பர். ஒருவருக்கு ஒரு நிறப் பக்கங்களும் மற்றவருக்கு வேறு நிறப் பக்கங்களும் கொடுத்தால், பதுக்ககத்திலும் அவர்கள் ஒருவரை ஒருவர் தீண்டார். இவ்வாறு பிரிக்கவியலாத சிறு பதுக்ககங்களை, முறை மாறுந்தோறும் வெறுமையாக்கி விடுவர். ஆனால் இதற்குச் செயலி செய்வோரின் உதவியும் வேண்டும். மறைவிடங்களைத் துப்புரவாக்கும் வழியைச் செயலியே தராதபோது, கருனி எத்துணை நேர்மையானதாயினும் முழுக் காவல் அளித்தல் அரிது.

நிறுவலும் அதன் எல்லையும்

எஸ்இஎல்-4 கருனியைப் பற்றி இன்னொரு செய்தி கூறுதல் வேண்டும். அதன் சி மொழி நிரல் ஏறத்தாழ 8,700 வரிகளே. அது சிறியதாக இருந்தமையால், தன் விவரணத்துக்கு இணங்கவே இயங்கும் என்பதைக் கேத்திர கணிதத் தேற்றம் போல் நிறுவ இயன்றது. அந்நிறுவல் 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரு கோடி வரிகளையுடைய கருனிக்கு இத்தகைய நிறுவலை எண்ணிப் பார்த்தலும் இயலாது.

ஆயினும், அந்நிறுவல் எதைக் கூறவில்லை என்பதையும் உணர்தல் வேண்டும். உறுதியில் உள்ளபடியே கருனி ஒழுகும் என்பதற்கு அது சான்று. உறுதிகள் நியாயமாகப் பங்கிடப்பட்டன என்பதற்கு அன்று. தொடக்கத்தில் நினைவகம் முழுவதையும் பெறும் முதலாவது நிரல் அதனை யாருக்கு எவ்வளவு கொடுக்கின்றது என்பது, அதனை எழுதிய மனிதரின் அறிவையும் பொறுப்பையும் சார்ந்தது. நொத்தாரிசு நேர்மையாக உறுதி முடித்தார் என்பதனால், தகப்பன் பிள்ளைகளுக்குச் செய்த பங்கீடு சரியானது என்று ஆகாது.

இஃது அறிஞர்தம் பொழுதுபோக்குக்குரிய பொருள் அன்று. கியூஎன்எக்ஸ் என்னும் நுண்கருனி முறைமை இன்று கோடிக்கணக்கான மோட்டார் வாகனங்களில் இயங்குகின்றது. ஒரே கணினி வாகனத்தின் காட்சித் திரையையும் காவற் பணிகளையும் ஒருங்கே நடத்தும் காலம் இது. பாட்டு ஒலிக்கும் நிரல் தன் பங்கைக் கடந்து காலத்தை உண்ணுமாயின், எச்சரிக்கை எழுப்ப வேண்டிய நிரல் பிந்தும். அங்கே பிந்திய சில மில்லிசெக்கன்களின் விலை ஓர் உயிராக இருத்தல் கூடும்.

நுண்கருனியின் சிறப்பு அதன் வரிகளின் குறைவில் மாத்திரம் இல்லை. தனக்கென்று ஒன்றும் பதுக்கி வையாமை, கேட்டவரின் கணக்கிலேயே செலவை எழுதுதல், கொடுத்ததை முறைப்படி மீட்கத் தெரிதல் ஆகிய மூன்றுமே அதன் பெருமை. இம்மூன்றும் செம்மையுற்ற பின்னரும், உறுதியில் எழுதப்படாத பொதுவளம் ஒன்று கீழே இருத்தலை மறவாமை நான்காவது கடமையாக எஞ்சுகின்றது. கணினி கற்கும் நம் மாணவர்கள் இந்நான்கையும் நூல்களிற் படிக்கலாம். தம் ஊர்ப் பங்குக் கிணற்றுக் கட்டில் அமர்ந்து, நீர் எங்கிருந்து வருகின்றது, யாருக்குச் செல்கின்றது, யார் கணக்கிற் கழிகின்றது என்று ஆராய்ந்தும் அறியலாம். அவ்வாறு அறிந்தவர் இரண்டிடத்தும் பயன்படுவர்: கணினியிற் கருனி வகுப்பதற்கும், ஊரில் உவர் மேலேறாது நன்னீரைக் காப்பதற்கும்.